அப்பா பேர் என்ன?

வெள்ளகோவில் தெரியுமா உங்களுக்கு? கரூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கோவைக்கு பஸ்ஸில் போயிருந்தால் நிச்சயம் அந்த ஊரைத் தாண்டியிருப்பீர்கள். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம், இன்னொரு பக்கம் எண்ணெய் மில்களிலிருந்து வரும் கொப்பரை வாசனை, சந்தைக்கு வந்த முருங்கைக்காய் மூட்டைகள்... ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். நான் படித்த காலத்தில் கோவை மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டம் ஆச்சு. அப்புறம் ஈரோடு என்று பேர் மாறியது. 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது!

போன மாதம் எங்கள் அத்தைக்கு பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக, அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வரிசை, கர்ப்பிணிப் பெண்களுக்கானது. ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்’ என்று சுவரில் பெரிய போர்டு. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிக்மி நம்பர் சொல்லும்மா... வயசு? புருஷன் பேரு?”

எதிரே நின்ற பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பதில் சொல்லவில்லை.

“புருஷன் பேரு என்னம்மா? சத்தமாச் சொல்லு.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, கையில் மஞ்சப் பை.

“ஏனுங்க சாரு, பணம் இவ கணக்குக்குத்தானே வருது? மொதல்ல இவ பேரைக் கேட்டீங்களா நீங்க? அதைக் கேளுங்க. மத்ததையெல்லாம் மெதுவா, பக்கத்துல கூப்புட்டுக் கேளுங்க. ஊரே கேக்கோணுமுங்களா?”

மேஜைக்காரர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். பேனாவை மூடினார். திறந்தார். “பேரு சொல்லும்மா” என்றார், இந்தத் தடவை மெதுவாக.

கூட வந்தவர் என்ற இடத்தில் அந்தப் பாட்டியம்மாவின் பெயரையும் எழுதிக்கொண்டார். பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலைக் கேட்டு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருஷம் அவரோடு படித்தேன். அந்தக் குரலை நான் முழுசாகக் கேட்டதே இல்லை!

அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர், போர்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, நீங்க பத்திரிகையில எழுதறவிங்க. இந்தம்மா யாருங்க? பணம் குடுக்கறாங்கன்னு மட்டும் தெரியுது.”

“பெரிய டாக்டருங்க. கதை நீளம்.”

“டோக்கன் கூப்பிட இன்னும் இருபது பேரு இருக்குதுங்க. சொல்லுங்க.”

அவருக்குச் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

★

1886-ம் வருஷம், ஜூலை 30-ம் தேதி. புதுக்கோட்டை. சென்னை மாகாணத்துக்கு நடுவே, தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம் அது. அங்கே மகாராஜா கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தவர் நாராயணசாமி ஐயர். அவர் மனைவி சந்திரம்மாள். இவர்களுக்குப் பிறந்தவர்தான் முத்துலட்சுமி.

‘சாதாரண விஷயம்தானே!’ என்கிறீர்களா? இல்லை. சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். அவரோடு வாழ்ந்ததற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்தக் குடும்பமே ஒதுக்கி வைத்துவிட்டது. அப்பாவழி உறவு அறுந்துபோக, முத்துலட்சுமி அம்மா பக்கத்து உறவுகளோடுதான் ஒட்டி வளர்ந்தார். கோயிலுக்குப் ‘பொட்டுக் கட்டிவிடப்பட்ட’ பெண்களின் வீட்டுக்குள் என்ன நடக்கும், அங்கே ஒரு பெண் குழந்தை வளர வளர பெரியவர்கள் என்ன கணக்குப் போடுவார்கள் என்பதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

(இடையில் ஒரு சினிமாத் தகவல். ‘காதல் மன்னன்’ ஜெமினி கணேசன் பிறந்ததும் இதே புதுக்கோட்டைக் குடும்பத்தில்தான். முத்துலட்சுமி அவருக்கு அத்தை!)

மகள் படிக்கட்டும் என்று அப்பா நினைத்தார். ஆனால் எவ்வளவு? பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும். அதற்குத் தமிழ் மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் வாத்தியாரிடம் சொல்லியிருந்தார். அந்த வாத்தியாரோ, அப்பாவுக்குத் தெரியாமல் இங்கிலீஷும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய திருட்டுத்தனம் பாருங்கள்! சரித்திரத்தைத் திருப்பிவிட்டவர்கள் என்று நாம் ராஜாக்களையும் தளபதிகளையும் மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த வாத்தியாருக்கு எங்கேயாவது ஒரு சிலை இருக்கிறதா?

பதிமூன்று வயசில் முத்துலட்சுமி பெரியவளானாள். பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் அது கேள்வி கேட்க முடியாத சட்டம். அம்மா மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்! எந்தக் குடும்பத்திலிருந்து வந்தோம் என்பது தெரிந்த அம்மா, மகளுக்கு எப்படியாவது ஒரு கல்யாணம் ஆகிவிட வேண்டும் என்று துடித்ததில் நியாயம் இருக்கிறது. மகளோ புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ல் மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தாள்.

அடுத்து காலேஜ். ஊரில் இருந்ததோ ஒரே காலேஜ். அதுவும் ஆண்களுக்கானது!

★

1904. மகாராஜா கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது. பதினெட்டு வயசுப் பெண். ஊர் கொதித்துப்போனது.

எதிர்ப்பு இரண்டு விதமாக வந்தது. ‘பெண் எப்படி ஆண்களோடு உட்காரலாம்?’ என்பது ஒன்று. இது நாடு முழுக்க இருந்த எதிர்ப்பு. இரண்டாவது எதிர்ப்புதான் விஷம். ‘எப்படிப்பட்ட பெண்? யார் வயிற்றில் பிறந்தவள்?’ இவள் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போய்விடுவார்கள் என்று ஆசிரியர் ஒருவரே பயந்தார். அப்போது பிரின்ஸிபாலாக இருந்தவருக்கும் இவரைச் சேர்க்க விருப்பமில்லை. பெண் என்பது ஒரு காரணம், பிறந்த வீடு இன்னொரு காரணம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், விண்ணப்பம் போட்டாள். அவ்வளவுதான். ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, அவள் ஒழுக்கத்தைப் பற்றி அல்ல, அவள் வருவதற்கு முன்பே அவளால் கெட்டுப்போகப்போகும் பையன்களின் ஒழுக்கத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு தந்தை ஒரு காலத்தில் பிரின்ஸிபாலாக நடந்த வராந்தாவில், அவர் மகளுக்கு இடம் உண்டா, இல்லையா என்பது பஞ்சாயத்து.

முடிவு மகாராஜாவிடம் போனது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளையெல்லாம் தள்ளிவிட்டு, ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். உதவித்தொகையும் கொடுத்தார்.

இந்த ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பிற்காலத்தில், 1915-ல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்கிற பெண்ணைக் காதலித்து, மெல்போர்னில் கல்யாணமே செய்துகொண்டார். பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை. ராணிக்கு மரியாதை இல்லாத ஊர் எனக்கும் வேண்டாம் என்று வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். இருவருக்கும் பிறந்த மகனுக்கு சிம்மாசனம் மறுக்கப்பட்டது. யாருக்குப் பிறந்தாய் என்கிற கேள்வி ராஜா வீட்டுப் பிள்ளையையும் விடவில்லை பார்த்தீர்களா!

சரி, காலேஜுக்குத் திரும்புவோம். அட்மிஷன் கிடைத்துவிட்டதே தவிர, அந்தப் பெண் எப்படிப் படித்தாள் தெரியுமா? மூடிய வண்டியில் வருவாள். வகுப்பில் அவளுக்கும் மற்ற மாணவர்களுக்கும் நடுவே திரை. பாடம் நடத்தும் குரல் மட்டும் திரையைத் தாண்டி வரும். வகுப்பில் இருந்தும் இல்லாத மாணவி! ‘என்ன சந்தேகம்?’ என்று வாத்தியார் கேட்டால் திரைக்குப் பின்னாலிருந்து எழுந்து கேட்டிருக்க முடியுமா? எனக்குத் தெரிந்து, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் கேலி செய்யப்படுவதைவிட, பத்துப் பேர் கண்ணில் படவே கூடாது என்று மறைத்து வைக்கப்படுவது இன்னும் ஆழமாகக் கிழிக்கும்.

போதாக்குறைக்கு உடம்பு வேறு சரியில்லை. ரத்தசோகை. கண் பார்வையும் கொஞ்சம் மட்டு. ஆனாலும் படிப்பை விடவில்லை. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

‘சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி’ என்று மேடைகளில் இவரைச் சொல்வார்கள். சரியில்லை. 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு 32 வருஷம் கழித்தும் நிலைமை என்ன? அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கர்னல் ஜிஃபோர்ட், மாணவிகளைத் தன் வகுப்புக்குள் விடுவதில்லை. முத்துலட்சுமி அந்தப் பாடத்திலேயே முதலிடம் வாங்கிக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். 1912-ல் டாக்டர் பட்டம். பிறகு சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்.

1914-ல் கல்யாணம். மாப்பிள்ளை டாக்டர் சுந்தர ரெட்டி. கல்யாணத்துக்கு முன்னால் மணமகள் கண்டிஷன் போட்டார். ‘என்னைச் சமமாக மதிக்க வேண்டும். என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.’ மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார், கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். இந்த மாதிரி நல்ல கணவர்களைப் பற்றி சரித்திரத்தில் ரெண்டு வரிக்கு மேல் எழுத விஷயம் கிடைப்பதில்லை, என்ன செய்ய!

★

திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எப்போது வாயைத் திறந்தார்?

1926-ல் சென்னை சட்டமன்றத்துக்கு அவரை நியமிக்கலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் தயங்கினார். டாக்டர் தொழில் கெட்டுவிடுமே என்கிற கவலை. இந்திய மாதர் சங்கத்துத் தோழிகள் விடவில்லை. உள்ளே போனார். 1927-ல் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகத்திலேயே ஒரு சட்டமன்றத்துக்குத் துணைத் தலைவரான முதல் பெண் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

அப்போது முதல் மந்திரி யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஊர்க்காரர்! திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி.சுப்பராயன். அவர் மனைவி ராதாபாய் சுப்பராயனும் லேசுப்பட்டவர் அல்ல. 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் வந்தவர்.

1927 நவம்பர். முத்துலட்சுமி எழுந்தார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

இதை நாம் இன்று புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த அவையில் அவர் ஒருவர்தான் பெண். சுற்றிலும் ஜமீன்தார்கள், வக்கீல்கள், மிராசுதார்கள். அதில் பல பேருக்கு அவர் அம்மா யார் என்று தெரியும். எந்தக் காரணத்தைச் சொல்லிப் புதுக்கோட்டையில் அவருக்குக் கதவைச் சாத்தப் பார்த்தார்களோ, அதே விஷயத்தைத்தான், கையில் காகிதத்தோடு, எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பேசினார். நடுவில் திரை இல்லை.

எதிர்ப்பு சாதாரணமாக இருக்கவில்லை. கோயில், சாஸ்திரம், கலை என்று ஆயிரம் காரணம். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தவர்களில் தேவதாசிகளும் இருந்தார்கள்! சங்கம் வைத்து, அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்கு சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் அந்தப் பக்கம்தான் நின்றார். ‘நாங்கள் விலைமாதர்கள் இல்லை. சங்கீதமும் சாஸ்திரமும் படித்தவர்கள். எங்கள் மானியமும் கலையும் போய்விட்டால் நாங்கள் என்ன ஆவோம்?’ என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஆனால் அதே வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ, முத்துலட்சுமியைவிடக் காட்டமாக இந்த வழக்கத்தை எதிர்த்தார். 1936-ல் ‘தாசிகளின் மோசவலை’ என்று நாவலே எழுதினார்.

யார் சரி? என்னைக் கேட்டால், சட்டம் வந்தது சரி. எட்டு வயசுக் குழந்தையிடம் சம்மதம் கேட்டா பொட்டுக் கட்டினார்கள்? ஆனால் நாகரத்தினம்மாள் பயந்ததிலும் பாதி நடந்துவிட்டது. ஆட்டம் மரியாதையான மேடைகளுக்குப் போனது. ஆடிய குடும்பங்கள் பல, இருந்த இடம் தெரியாமல் போயின. முத்துலட்சுமிக்கு டாக்டராகவே பேசிப் பழக்கம். நோய், ஒழுக்கம், சிகிச்சை என்றே பேசினார். அந்தப் பெண்களின் வித்தையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதைவிட ஆச்சரியம் ஒன்று. 1964-ல் அவருடைய சுயசரிதை வந்தது. அம்மாவின் குலத்தைப் பற்றி மனம் திறந்து எழுதியிருப்பார் என்று ஆவலோடு புரட்டினால், அதிகம் கிடைக்காது. சட்டமன்றத்தையே கிடுகிடுக்க வைத்தவருக்கு, அந்த ஓர் இடத்தில் மட்டும் திரை கடைசிவரை விலகவே இல்லை.

1929-ல் முதல் படி. கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்கள், ஊழியம் செய்யாமலேயே அந்தப் பெண்களுக்குச் சொந்தமாகும்படி சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அடுத்து அவர் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்குள் 1930-ல் காந்தி கைது செய்யப்பட, அதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மசோதா தூங்கப் போய்விட்டது. விழித்தது எப்போது தெரியுமா? 1947-ல்! ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சட்டமானது. அந்த மந்திரிசபையிலும் நம்ம குமாரமங்கலத்துக்காரர் இருந்தார்.

இதற்கு நடுவே நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சட்டமன்றத்தில் அவர் பேசியது வெளியூர்வரை பரவியிருந்தது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகள் அவரைத் தேடி வந்தார்கள். ‘எங்களுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வையுங்கள்.’ சரி என்று, அவர்களைச் சேர்க்க விடுதி விடுதியாக ஏறி இறங்கினார். எங்கேயும் இடமில்லை. காரணம்? நீங்களே ஊகித்திருப்பீர்கள். கால் நூற்றாண்டு ஓடியும், கேள்வி கொஞ்சமும் மாறாமல் அப்படியே இருந்தது. அந்தப் பெண்களுக்காகத்தான் அவ்வை இல்லம் பிறந்தது. பிறகு அது அடையாறில் வேர்விட்டு, பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது.

தங்கை ஒருத்தி புற்றுநோயில் செத்தாள். என்ன நோய் என்றே கண்டுபிடிக்கத் தெரியாமல், சீதபேதி என்று வைத்தியம் பார்த்தார்கள். அந்த ஆற்றாமைதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆனது. 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

★

இந்த இடத்தில் பெஞ்சிலிருந்த என் சிநேகிதி ஒரு கேள்வி கேட்டார். “அந்தக் காலேஜுல கத்துனாங்கல்லோ, அவிங்கெல்லாம் பொறகு என்ன ஆனாங்க?”

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரியான கேள்வி! ‘பையன்கள் கெட்டுப்போவார்கள்’ என்று கூச்சல் போட்டவர்கள், 1927-ல் பேப்பரில் முத்துலட்சுமி பேர் வந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? யாராவது ஒருத்தர் ‘அம்மா, அன்றைக்கு நாங்கள் செய்தது தப்பு’ என்று கடிதம் போட்டார்களா?

புதுக்கோட்டையை விட்டு, கடல் தாண்டி இன்னொரு ஊருக்குப் போவோம். அமெரிக்கா, ஆர்கன்சா மாநிலம், லிட்டில் ராக். 1957 செப்டம்பர் 4. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் ஹைஸ்கூலில், கோர்ட் உத்தரவுப்படி ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் சேர வேண்டும். ஒன்பது பேரும் ஒன்றாகப் போவதாகத்தான் ஏற்பாடு. எலிசபெத் எக்ஃபோர்ட் வீட்டில் டெலிபோன் இல்லை. தகவல் போய்ச் சேரவில்லை. பதினைந்து வயசுப் பெண், புது டிரஸ் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாக அந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனாள். கவர்னர் நிறுத்தி வைத்திருந்த படை வீரர்கள் வழியை மறித்தார்கள். பின்னால் ஒரு பெரும் கூட்டம், கொல்லு, கட்டித் தொங்கவிடு என்று கத்திக்கொண்டே துரத்தியது. அவள் பஸ் ஸ்டாப்வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. வாயும் திறக்கவில்லை.

அன்று எடுத்த ஒரு போட்டோ உலகப் பிரசித்தம். முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எலிசபெத். பின்னால், வாயை அகலத் திறந்து கத்தும் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் பேர் ஹேசல் பிரையன். அவளுக்கும் வயசு பதினைந்துதான்.

அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தையே அனுப்பி, ஒன்பது பேரையும் உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார். ராணுவம் வகுப்பறைவரைதான் வரும். அங்கிருந்து தள்ளுமுள்ளு, எச்சில், மாடிப்படியில் இடறிவிடுவது என்று ஒரு வருஷம் முழுக்க நடந்தது. எலிசபெத்தை அது உள்ளுக்குள் நொறுக்கிவிட்டது. மன அழுத்தம் வருஷக்கணக்கில் ஆட்டிவைத்தது. அந்த நாளைப் பற்றிப் பேச முயன்றாலே அழுகை வந்துவிடும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகினார். 2018-ல் தன் கதையைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

ஹேசல்? அறுபதுகளின் தொடக்கத்திலேயே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். 1997-ல் இருவரும் அதே பள்ளிக்கூட வாசலில் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் பழைய போட்டோவை எடுத்த அதே வில் கவுன்ட்ஸ். போஸ்டர் போட்டு விற்றார்கள். சிநேகிதிகளாகச் சேர்ந்து மேடைகளில் பேசினார்கள். சினிமாவாக இருந்தால் அங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். ஆனால் நட்பு நீடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாயிற்று, இன்னும் என்ன என்பது ஒரு பக்கம். நடந்ததை முழுசாக ஒப்புக்கொள், மறந்துவிட்டேன் என்று சொல்லாதே என்பது இன்னொரு பக்கம். பிரிந்துவிட்டார்கள்.

★

இனி என் கதை.

1978. வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. ஏதோ ஒரு பாரத்தை நிரப்ப, வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா பேர் கேட்டுக்கொண்டு வந்தார். இந்தப் பெண்ணின் முறை வந்தது. எழுந்தாள். பேசவில்லை.

“அப்பா பேர் என்ன? வாயில என்ன வெச்சிருக்கற?”

அவள் அம்மா கல்யாணம் ஆகாமலே அவளைப் பெற்றவள் என்பது ஊருக்கே தெரியும். வாத்தியாருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் ஊரில் இருந்த ஒரு பெரிய மனுஷர் பேரைச் சொன்னான். இன்னொருத்தன் இன்னொரு பேரைச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பட்டப்பெயர் ஆனது. ‘பாரம்’ என்று கூப்பிடுவோம். அப்புறம் அவள் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனாராம். கல்யாணம், ரெண்டு பிள்ளைகள். முதல் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றுதான், முதல்முறையாக ஒரு ஆபீஸ் ரூமில் சத்தம் போட்டுப் பேசினாராம். “அந்தப் புள்ளையும் என்னையாட்டம் நின்னுறக் கூடாதுன்னு தோணுச்சுங்க. அப்ப வந்த சத்தம், இன்னும் அடங்கலீங்க” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் இருந்ததை, ஒரு வழியாக வெளியே எடுத்தேன்.

“அன்னைக்கு... நானும் சிரிச்சேனுங்க.”

“தெரியுமுங்க” என்றார் அவர், உடனே. “மூணாவது பெஞ்சு. செவத்தோரமா உக்காந்திருந்தீங்க. நீங்க சிரிச்சுப்போட்டு, வாயைக் கையில பொத்திக்கிட்டீங்க.”

உள்ளேயிருந்து டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். “எந்திரி கண்ணு” என்று பேத்தியைக் கைத்தாங்கலாக எழுப்பினார். ரெண்டு எட்டு போனவர், திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

“அந்த டாக்டரம்மாளோட அம்மா பேரு என்னமோ சொன்னீங்களே... என்ன பேருங்க அது?”

“சந்திரம்மாள்.”

ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.